மூன்று கல் தூரம்

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்குப் பதினாறு மைல். பதினேழு வயதிலிருந்து அந்த ரோட்டில் சைக்கிளில் வாழையிலைக் கட்டு ஏற்றிக்கொண்டு போனேன். அதற்கு முன்னால் எட்டாவது வரை படித்தேன். அதற்குப் பின்னால் பந்தய சைக்கிள் ஓட்டினேன், ஐந்து வருஷம் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தேன். இப்போது ஒன்றும் இல்லை. எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

இலைக்கட்டு கனம் இல்லை. ஆனால் காற்றைப் பிடிக்கும். கேரியரில் குறுக்காக மூங்கில் கட்டி, பக்கத்துக்கு ஒரு கட்டும் மேலே ஒரு கட்டும் வைத்து, ஈரச்சாக்கு போட்டு மூடுவோம். ஏழு மணிக்குள் மார்க்கெட்டில் இறக்கியாக வேண்டும். தாமதமானால் கல்யாண மண்டபத்துக்காரர்கள் வேறு ஆளிடம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வாடிய இலையை மாட்டுக்குத்தான் போடலாம்.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர் போனோம். நான் ஒருத்தன். இன்னொருவன் எனக்கு மச்சான் முறை. அவனுக்கு என்னைவிட இரண்டு வயது கூட. காற்று எதிரே இருந்தால் ஒருத்தன் முன்னால் போவான், மற்றவன் அவன் பின்சக்கரத்தை ஒட்டிப் போவான். பின்னால் போகிறவனுக்குப் பாதி மூச்சு மிச்சம். கல்லுக்கு ஒருத்தன் என்று வைத்திருந்தோம். ரோட்டோரம் கிலோமீட்டர் கல் வரும். அது வந்ததும் முன்னால் போகிறவன் ஒதுங்குவான், பின்னால் வருகிறவன் முன்னால் போவான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஐப்பசி வாடைக்காற்றில் கட்டோடு போனவனுக்குத் தானாகவே தெரிந்துவிடும்.

ஆறு வருஷம் அப்படிப் போனோம். ஒருநாளும் அவன் ஒரு கல்லை ஏமாற்றியதில்லை. நானும் இல்லை, அந்தப் பந்தயம் வரைக்கும்.

காணும் பொங்கல் அன்று எங்கள் பக்கம் சைக்கிள் பந்தயம் வைப்பார்கள். போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு. மேற்கே போய், கொடி நட்ட இடத்தில் வளைத்து, கிழக்கே திரும்ப வேண்டும். தை மாதம் கிழக்கே வந்தால் காற்று முகத்தில் அடிக்கும். முதல் பரிசு பித்தளை அண்டா. அந்த வருஷம் தஞ்சாவூரிலிருந்து ஒரு டிரில் மாஸ்டர் வந்திருந்தார். முதலாவதாக வருகிறவனை மாவட்டப் போட்டிக்கு எழுதிக்கொள்வேன் என்று மைக்கில் சொன்னார். ஒருத்தனைத்தான்.

முப்பது பேர் ஓட்டினார்கள். முடிகிற இடத்துக்கு இரண்டு கல் முன்னால் ஒரு பாலம் உண்டு. மச்சான் முதல் நாளே பேசி வைத்திருந்தான்.

"கல்லுக்கு ஒருத்தன். பாலம் தாண்டினதும் அவனவன் பாடு."

"சரி மச்சான்."

கொடியை வளைக்கும்போதே மற்றவர்கள் எல்லாம் பின்தங்கிவிட்டார்கள். ஒரு நீடாமங்கலத்துக்காரன் மட்டும் தூரத்தில் வந்துகொண்டிருந்தான். திரும்பும்போது முதல் கல் அவன் போனான். அடுத்தது என் முறை. கல் வந்தது. அவன் ஒதுங்கினான். நான் போகவில்லை.

"மச்சான், கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு."

அவன் திரும்பிப் பார்த்தான். மறுபடி முன்னால் போனான். அடுத்த கல்லில் அவன் முறை, போனான். அதற்கடுத்த கல்லில் ஒதுங்கக்கூட இல்லை. இப்படிப் பாலம் வரைக்கும் என் கல் மூன்றையும் அவனே போனான். பாலம் தாண்டியதும் நான் எழுந்து மிதித்தேன். பத்து சைக்கிள் தூரத்தில் ஜெயித்தேன்.

கால் பிடிக்கவில்லை.

டிரில் மாஸ்டர் என் பேரை எழுதிக்கொண்டார். அண்டாவைத் தலையில் கவிழ்த்து என்னைத் தோளில் தூக்கினார்கள். மச்சான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"கால் சரியாயிடுச்சா மாப்ள?"

"ஆயிடுச்சு மச்சான்."

"நல்லது."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் காலையில் இரண்டு பேரும் இலைக்கட்டு ஏற்றிக்கொண்டு போனோம். அவன் கல்லுக்கு அவன், என் கல்லுக்கு நான்.

மாவட்டத்தில் முதலாவதாக வந்தேன். மாநிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மெல்லிய டயர் போட்ட பந்தய சைக்கிளை அங்கேதான் முதலில் தொட்டேன். என் சைக்கிளில் பாதி எடை இல்லை. ஏறி உட்கார்ந்தால் விழுந்துவிடும் போல இருந்தது. அந்த வருஷம் ஒன்பதாவது. அடுத்த வருஷம் முதலாவது. அதற்குப் பின்னாலும் மூன்று தடவை முதலாவது. வடக்கே இரண்டு தடவை போனேன். ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை. சம்பளம் கிடையாது. ரயில் டிக்கெட், சாப்பாடு, பனியன், ஜெயித்தால் ஒரு கப். அரசு வேலை கிடைக்கும் என்றார்கள். பத்தாவது பாஸ் வேண்டும் என்றும் அவர்களேதான் சொன்னார்கள். எட்டாவதுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார்கள். போட்டி முடிந்து வந்தால் மறுபடி இலைக்கட்டு.

மச்சான் அதற்கப்புறம் பந்தயத்துக்கு வரவில்லை. கூப்பிட்டேன். "எனக்கு இலை போதும்" என்றான். பிறகு அவன் அப்பாவுக்கு வாய்க்கால் கடைசியில் மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், பட்டா கிடைத்தது. அப்பா காலத்துக்குப் பின்னால் இவன் பயிர் வைத்தான், இலையை விட்டான். ஆனால் என்னைப் பார்க்கிறபோதெல்லாம் கேட்பான்.

"கால் எப்படி இருக்கு மாப்ள?"

"நல்லாருக்கு மச்சான்."

டீக்கடையில் கேட்பவர்களுக்கு அது விசாரிப்பு. எனக்குத் தெரியும்.

அவன் மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று, "தங்கச்சி, என் அண்டாவை எடுத்துட்டுப் போக வந்தேன்" என்றான். என் சம்சாரம் சிரித்துவிட்டாள். "எடுத்துட்டுப் போங்கண்ணே, உங்களுக்கு இல்லாததா" என்றாள். நான் அண்டாவைத் தூக்கி அவன் கேரியரில் வைத்துக் கட்டினேன்.

அரசியலுக்கு வந்ததும் சைக்கிளால்தான். வயது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. ஓட்டுவதை நிறுத்தவில்லை. ஒரு கட்சிக்காரர்கள் சைக்கிள் பேரணி நடத்தினார்கள். முன்னால் போவதற்கு ஒரு சாம்பியன் வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார்கள். ஹேண்டில்பாரில் கொடி கட்டினார்கள். பின்னால் இருநூறு சைக்கிள். ஜீப்பில் நின்ற கட்சி மாவட்டச் செயலாளர் கத்திக்கொண்டே வந்தார்.

"அண்ணே, மெதுவா! மெதுவா போங்கண்ணே! போட்டோ எடுக்கணும்!"

நடக்கிற வேகத்தில் சைக்கிள் ஓட்டுவது கஷ்டம். என் வாழ்க்கையில் முதுகு வலித்தது அன்றைக்கு ஒருநாள்தான். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. என் முகம் தெரியவில்லை, கொடி மறைத்துவிட்டது. ஆனால் ஊரில் எல்லோரும் நான்தான் என்றார்கள். அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் நில்லுங்கள் என்று சொன்னார்கள், நின்றேன். பஞ்சாயத்துத் தலைவருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. லிஸ்டில் இருப்பதில் ஒன்றைத் தருவார்கள். சைக்கிள் கேட்டேன். லிஸ்டில் இல்லை. பூட்டு சாவி கொடுத்தார்கள்.

ஜெயித்தேன். எங்கள் தெருவிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். ஆபீசுக்குச் சைக்கிளில்தான் போனேன். கிளார்க் கேட்டார், "தலைவரே, ஒரு பைக் வாங்கிக்கக்கூடாதா? சைக்கிள்ல வந்தா நமக்கு மரியாதை இல்லீங்களே." எனக்கு இது சீக்கிரம் என்றேன். தெருவிளக்கு, தண்ணீர்க் குழாய், நூறு நாள் வேலை, சாக்கடை, இவைதான் வேலை. செய்தேன். சிலது செய்ய முடியவில்லை.

முதல் வருஷம் வாய்க்கால் கரையில் ரோடு போட உத்தரவு வந்தது. எங்கள் ஊர் வாய்க்கால் ஐந்து கிலோமீட்டர். மேற்கே தலைமடை, கிழக்கே கடைமடை. தண்ணீர் முதலில் தலைமடை வயல்களுக்குப் பாயும், கடைசியில்தான் மச்சான் வயல் இருக்கும் கடைமடைக்கு வரும். ஒவ்வொரு வயலுக்கும் அளவு வைத்து மதகு உண்டு. அதன் கதவைத் தூக்கலாம், இறக்கலாம்.

ரோடு வேலை தொடங்கிய வாரம், காலை எட்டு மணி இருக்கும். என் சம்சாரம் ஓடி வந்தாள்.

"மேலத்தெரு பெரிய வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. தலைவர் இருக்காங்களான்னு கேக்குறாங்க. உங்களை 'ங்க' போட்டுக் கேக்குறாங்க."

என் அப்பா அந்த வீட்டில் பண்ணை வேலை பார்த்தவர். அந்த மனுஷர் என்னைவிட நாலு வயதுதான் பெரியவர். அதுவரை என்னை 'டா' போட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார். கப் வாங்கி வந்த அன்றைக்கும், "என்னடா, ஜெயிச்சுட்டியாமே" என்றுதான் கேட்டார். எங்கள் வாசலுக்கு அவர் வந்தது அதுவே முதல் தடவை.

"உக்காருங்க."

"இருக்கட்டும் தலைவரே. கரையில ரோடு போடுறீங்களாம். நல்ல காரியம். ரோட்டுக்கு அடியில ஒரு குழாய் மட்டும் விட்டுட்டீங்கன்னா நம்ம வயலுக்கு ஒத்தாசையா இருக்கும். ஒரே ஒரு குழாய்தானுங்க. சொன்னீங்கன்னா நானே வாங்கிப் போட்டுக்கிறேன்."

குழாய்க்குக் கதவு கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற நேரமெல்லாம் அது குடித்துக்கொண்டே இருக்கும். எனக்குத் தெரியும். வாய்க்கால் கரையில் பிறந்தவன் எவனுக்கும் தெரியும். ஆனால் அவர் என் வாசலில் நின்று 'சொன்னீங்கன்னா' என்கிறார்.

"போட்டுக்குங்க" என்றேன்.

அவருக்குச் சொன்னதும் அடுத்தவர் வந்தார். அவரும் தலைவரே என்றார். ஒருத்தருக்கு உண்டு, இன்னொருத்தருக்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை. ரோடு முடிகிறபோது தலைமடையில் இருபத்திரண்டு குழாய்.

ரோடு பார்க்க மச்சான் வந்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சைக்கிளில் போய்விட்டு வந்து என் முன்னால் காலை ஊன்றி நின்றான்.

"ரோடு நல்லாருக்கு மாப்ள."

"ம்."

"பூட்டு சின்னம்னு ஓட்டு கேட்ட. கரை பூரா ஓட்டை. இருபத்திரண்டு எண்ணினேன். நீ எத்தனை எண்ணின?"

"அதேதான்."

"கால் எப்படி இருக்கு?"

பதிலுக்கு நிற்கவில்லை. அவன் போய்விட்டான்.

இரண்டு வருஷம் மழை நன்றாகப் பெய்ததால் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாம் வருஷம் கடைமடையில் பாதி விளைந்தது. நாலாம் வருஷமும் பாதி. மனு கொடுத்தார்கள். வாங்கி மேலே அனுப்பினேன். மேலே இருந்து வந்து பார்த்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். குழாயைப் போடச் சொன்னவன் நான் என்று மனுவில் யாரும் எழுதவில்லை. மச்சான்தான் மனு எழுதினான். அவனும் எழுதவில்லை.

ஐந்தாம் வருஷம் ஐப்பசியில் பெய்த மழை கார்த்திகையில் நின்றுவிட்டது. மார்கழி பிறந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்ததால் முறை வைத்தார்கள். ஐந்து நாள் எங்கள் வாய்க்கால், ஐந்து நாள் அடுத்த ஊர் வாய்க்கால். வாய்க்கால் தலைப்பு ஷட்டரைத் தூக்கி இறக்குவது லஸ்கர் என்கிற பொதுப்பணித்துறை ஆள். அதே மாதம் தேர்தல். நான் மறுபடி நின்றேன். எதிரே நின்றவர் உரக்கடைக்காரர். அவர் தலைமடையில் சொன்னது, நான் வந்தால் குழாய் அப்படியே இருக்கும். கடைமடையில் சொன்னது, நான் வந்தால் சுடுகாட்டுக்குப் பாதை போடுவேன்.

ஓட்டுக்குப் பத்து நாள் இருந்தது. எங்கள் முறை மறுநாள் தொடங்க வேண்டும். ஆபீசில் இருந்தேன். மச்சான் வந்து ஒரு தூர் நெற்பயிரை மண்ணோடு மேஜைமேல் வைத்தான். மண் ஓடு மாதிரி காய்ந்து வெடித்திருந்தது. பயிர் பொதி கட்டியிருந்தது, அதாவது உள்ளே கதிர் உருவாகி வெளியே வரக் காத்திருக்கிற பருவம்.

"தொட்டுப் பாரு" என்றான்.

தொட்டேன். பொதி மெத்தென்று இருந்தது.

"இந்த முறையில வரலேன்னா எல்லாம் பதர்தான். அடுத்த முறைக்குத் தாங்காது."

"லஸ்கர் நாளைக்கு ஷட்டர் திறப்பாரு மச்சான்."

"திறப்பாரு. இருபத்திரண்டு வாய் குடிச்சது போக எனக்கு என்ன வரும்?"

கிளார்க் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் பயிரை எடுத்துக்கொள்ளவில்லை. மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு அவன் காலைப் பற்றிக் கேட்கவில்லை.

சாயங்காலம் கட்சிக்காரர்களிடம் சொன்னேன்.

"குழாயெல்லாம் அடைக்கப் போறேன்."

"அடைங்கண்ணே. பத்து நாள் கழிச்சு அடைங்க. யார் வேணாங்குறது?"

"பத்து நாள் கழிச்சு முறை முடிஞ்சு போயிருக்கும்."

"தலைமடையில நூத்தி எழுபது ஓட்டு இருக்குண்ணே. கடைமடையில எண்பதுகூடத் தேறாது. மேடை போட்டு உங்களுக்குக் கணக்கு சொல்லணுமா?"

வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு லஸ்கர் ஷட்டரைத் தூக்கினார். நானும் சம்சாரமும் வைக்கோலும் சாக்கும் எடுத்துக்கொண்டு தலைமடைக்குப் போனோம். நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். அவள் கரையில் உட்கார்ந்து வைக்கோலைப் பிரியாகத் திரித்துக் களிமண்ணில் புரட்டிக் கொடுத்தாள். நான் குழாய் வாயில் திணித்து, சாக்கு வைத்து, முளை அடித்தேன். முதல் குழாய் பெரிய வீட்டுக்காரருடையது. அடுத்த குழாய்க்குப் போகும்போது சம்சாரம் சொன்னாள், "நடவுக்குப் போனாக்கூட இவ்வளவு சேறு இல்ல. தலைவர் பொண்டாட்டின்னு பேரு."

இருபத்திரண்டையும் அடைத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் மூன்றாவது குழாய் பிடுங்கப்பட்டிருந்தது. அதை அடைத்தேன். அதற்குள் ஒன்பதாவது போய்விட்டது. பிடுங்குகிறவர்கள் ஒளிந்து பிடுங்கவில்லை. நின்று பிடுங்கினார்கள். ஆனால் நான் எதிரில் இருக்கும்போது பிடுங்கவில்லை. அதுவரைக்கும் மரியாதை இருந்தது. அதனால் எல்லாக் குழாய்க்கும் எதிரில் நான் இருக்க வேண்டும்.

சம்சாரத்தை வீட்டுக்கு அனுப்பினேன். சைக்கிளை எடுத்தேன். ரோடு நான் போட்டதுதான், வழவழப்பாக இருந்தது. குழாய்கள் இருந்தது தலைமடையில் ஒரு கிலோமீட்டருக்குள்தான். அதில் இந்த முனையிலிருந்து அந்த முனை, அந்த முனையிலிருந்து இந்த முனை. வேகமாகப் போனால் ஒரு குழாயைத் தாண்டி மறுபடி அதே குழாய்க்கு வருவதற்குள் யாராலும் இறங்கிப் பிடுங்க முடியாது. ஐம்பத்திரண்டு வயதில் இருபது வயது வேகம் வராது. ஆனால் எங்கே மூச்சை வைப்பது, எங்கே விடுவது என்பது மறக்கவில்லை. இருட்டுகிறவரைக்கும் ஓட்டினேன். அதற்குமேல் கடைமடைக்காரர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டாம் நாள் காலையில் பெரிய வீட்டுக்காரர் கரைக்கு வந்தார். நான் பிரேக் பிடித்து இறங்கினேன்.

"என்ன தலைவரே இது?"

"முறைங்க. கடைமடைக்கும் போகணும்."

"எலெக்‌ஷன் எப்போ?"

"வர்ற வாரங்க."

"தெரிஞ்சுதான் பண்றீங்களா?"

"தெரியுங்க."

வாய்க்கால் பக்கம் கையை நீட்டினார்.

"உங்கப்பன் இந்த வாய்க்கால்ல எங்களுக்கு மடை வெட்டினவன்டா."

"ஆமாங்க. நான் அடைக்கிறேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஐந்து வருஷமாக அவர் வாயில் இருந்த 'ங்க' அத்தோடு போனது. நான் சைக்கிளில் ஏறினேன்.

பத்து மணிவாக்கில் கிழக்கேயிருந்து ஒரு சைக்கிள் வந்தது. மச்சானுடைய பழைய கறுப்பு சைக்கிள். இலைக்கட்டு ஏற்றிய அதே சைக்கிள். கேரியரில் மூங்கில் கட்டிய தழும்பு இன்னும் இருந்தது. செயினுக்கு எண்ணெய் இல்லாமல் கத்திக்கொண்டு வந்தது.

"இதுல ஓட்டுவியா மச்சான்?"

"ஏன், நீ மட்டுந்தான் சாம்பியனா?"

"செயின் அறுந்துடும்."

"அறுந்தா உன் தோள்ல ஏறிக்கிறேன். பழகின தோள்தானே, கப்பெல்லாம் தூக்கினது."

ஒரே பக்கமாகப் போக வேண்டாம், எதிர் எதிராகப் போவோம் என்றான். அவன் கிழக்கே கிளம்புகிறபோது நான் மேற்கே. நடுவில் ஒருவரையொருவர் தாண்டுவோம். அப்போது எந்த எண் சந்தேகம் என்று கத்துவோம். "பதினாலு ஆடுது!" "ஏழு பாத்துட்டேன்!" நின்று பேசவில்லை. கரையில் உட்கார்ந்திருந்த தலைமடைப் பையன்கள் முதலில் கேலி செய்தார்கள். "பெருசுங்களா, அண்டா யாருக்கு?" என்றார்கள். மூன்றாம் நாள் மூங்கில் தோப்பு நிழலில் தண்ணீர்ச் செம்பு வைத்துவிட்டுப் போனது அவர்களில் ஒருத்தன்தான். அவன் அப்பாவுக்குப் பதினொன்றாம் குழாய்.

மூன்றாம் நாள் என் முழங்கால் வீங்கியது. மச்சான் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தடவை உண்மையாகவே கால் பிடித்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

நாலாம் நாள் மத்தியானம் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது. முன்னால் நுரையும் சருகும் வந்தன. பின்னால் கலங்கிய தண்ணீர். மச்சான் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு மதகுக் கதவைத் தூக்கினான். தண்ணீர் வெடிப்புக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. வயல் நிரம்ப நேரமாகும். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஏழாம் குழாயைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். இன்னும் ஒன்றரை நாள் இருந்தது.

தேர்தலில் முப்பத்தொரு ஓட்டில் தோற்றேன். எண்ணுகிற இடத்திலிருந்து வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டேன். சம்சாரம் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். "இனிமே நடவுக்குப் போனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். மறுநாள் ஆபீஸ் சாவியைக் கொடுத்தேன். மேஜைமேல் அந்தத் தூர் இன்னும் இருந்தது, காய்ந்துபோய். கிளார்க் எடுத்துப் போடவில்லை. நான் எடுத்துக்கொண்டு வந்து கொல்லையில் போட்டேன்.

மாசியில் கடைமடை அறுப்பு. மச்சான் வயலுக்கு அறுப்பு மெஷின் வந்த அன்று போனேன். மூட்டைக் கணக்கு அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. ஒரு கதிரைப் பிடுங்கி உள்ளங்கையில் தேய்த்து ஊதினேன். ஒன்றிரண்டு பதர்தான் பறந்தது. மற்றதெல்லாம் கையிலேயே நின்றது.

மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஓட்டைப் பத்திச் சொல்லணும் மாப்ள."

"சொல்லு."

"எங்க வீட்டுல ரெண்டு ஓட்டு. அந்த அஞ்சு நாளைக்கு என் பொண்டாட்டி ஓட்டு உனக்கு. அஞ்சு வருசத்துக்கு என் ஓட்டு அந்த உரக்கடைக்காரனுக்கு."

"சரி."

"கோவமா?"

"இல்ல. நியாயம்தான்."

மெஷின் வரப்போரம் வந்து திரும்பியது. சத்தம் அடங்கக் காத்திருந்தேன். பிறகு சொன்னேன்.

"அன்னைக்குக் கால் பிடிக்கல மச்சான்."

"எனக்குத் தெரியாதா? கால் பிடிச்சவன் பெடலை இப்படியா மிதிப்பான்? பின்னாலயிருந்து சத்தம் கேட்டுக்கிட்டேதானே போனேன்."

"தெரிஞ்சும் ஏன் முன்னால போன?"

அவன் துண்டால் கழுத்தைத் துடைத்தான்.

"நின்னா ரெண்டு பேருமே தோத்துருப்போம். பின்னால அந்த நீடாமங்கலத்துக்காரன் வந்துக்கிட்டிருந்தான்."

முப்பது வருஷத்தில் எனக்கு இது தோன்றவில்லை.

நெல்லை ஏற்றிக்கொண்டு டிராக்டர் முன்னால் போய்விட்டது. கொள்முதல் நிலையத்தில் வரிசையில் இடம் பிடிக்க நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளில் கிளம்பினோம். ரோடு கிழக்கே போகிறது. எதிர்க்காற்று. நான் ஹேண்டில்பாரை ஒதுக்கிப் பிடித்து, முதல் கல் அவன் போகட்டும் என்று நின்றேன். அவன் கிளம்பவில்லை. காலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"முட்டி எப்படி இருக்கு மாப்ள?"

முட்டி என்றான். கால் என்று கேட்கவில்லை.

"வலிக்குது மச்சான்."

"அது எனக்கும் தெரியும். பரவாயில்ல, நீ முன்னால போ. மூணு கல்லு."

போனேன். அவன் செயின் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தது. முதல் கல்லில் நான் ஒதுங்கவில்லை. இரண்டாவதிலும் ஒதுங்கவில்லை. மூன்றாவது கல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால், வளைவில் இருக்கிறது. அங்கே ஒதுங்கினேன். அவன் என்னைத் தாண்டி முன்னால் போனான்.